செடி எதைச் சாப்பிடுகிறது? ஒளிச்சேர்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடித்தோட்டம் போடுபவர்களும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. செடி வெயிலின் துணையோடு தண்ணீரையும் கரியமில வாயுவையும் சர்க்கரையாக்கி, ஆக்ஸிஜனை வெளியே விடுகிறது என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிற விஷயம்தான். ஆனால் அந்த ஒரு வரியிலிருந்து கிளம்பும் சந்தேகங்கள் ஏராளம்.

செடி மண்ணைச் சாப்பிட்டுத்தானே வளர்கிறது?

இல்லை. கிட்டத்தட்ட எல்லோருமே இப்படித்தான் நினைக்கிறோம், அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து அறிஞர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் இதை எடை போட்டே பார்த்தார். காயவைத்த மண் 200 பவுண்டு, அதில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்று. ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்திருந்தது. மண்ணைத் திரும்பக் காயவைத்து நிறுத்தால், குறைந்தது வெறும் 2 அவுன்ஸ், அதாவது ஐம்பது அறுபது கிராம்.

மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி, பாதி தவறு. காற்றும் ஒரு மூலப்பொருள் என்று அவருக்குத் தோன்றவில்லை. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது முழுக்கக் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது. மீதியில் பெரும்பங்கு ஆக்ஸிஜன், கொஞ்சம் ஹைட்ரஜன். மண் கொடுத்தது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், விறகடுப்பில் மிஞ்சும் சாம்பலைப் பாருங்கள். நைட்ரஜன் புகையோடு போய்விடும், மற்றபடி மண்ணின் பங்கு அந்தச் சாம்பல்தான். மீதமெல்லாம் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்து காற்றுக்கே போய்விட்டது.

காற்றில் அந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் வியப்பு: 10,000 பங்கில் நான்கு பங்குதான். அவ்வளவு மெலிதாகக் கலந்திருப்பதைப் பொறுக்கி எடுத்துத்தான் ஆலமரம் ஆலமரமாகிறது.

அப்படியானால் உரம் எதற்குப் போடுகிறோம்?

உரம் சாப்பாடு அல்ல. சாப்பாடு தயாரிக்கிற கருவிகளைக் கட்டுவதற்கான பொருள். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது, சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். அதனால்தான் நைட்ரஜன் குறைந்தால் செடி வெளிறுகிறது. மெக்னீசியம் குறைந்தால், செடி அதைப் பழைய இலைகளிலிருந்து உருவிப் புதிய இலைகளுக்கு அனுப்பும். ஆகவே கீழ் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இரும்பு அப்படி இடம் மாறாது, அதன் குறை முதலில் கொழுந்தில் தெரியும். எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்காமல் உரக்கடைக்கு ஓடுவதில் பயனில்லை.

நிழலில் இருக்கும் செடிக்கு உரத்தை அள்ளிக் கொட்டுபவர்களுக்கும் இதே பதில்தான். வெளிச்சம் இல்லாத இடத்தில் யூரியாவால் சர்க்கரை செய்ய முடியாது.

சரி, இலைக்குள் என்னதான் நடக்கிறது?

இரண்டு கட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம். இலைச் செல்லுக்குள் பசுங்கணிகம் என்ற பச்சை மணிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் தட்டுத்தட்டாக அடுக்கிய சவ்வுகள். பச்சையம் அந்தச் சவ்வுகளில்தான் பதிந்திருக்கிறது. ஒளி படும்போது பச்சையத்திலிருந்து ஒரு எலக்ட்ரான் கிளம்பிப் போய்விடுகிறது. அந்தக் காலியிடத்தை நிரப்ப எலக்ட்ரான் வேண்டுமே, அதைத் தண்ணீரை உடைத்து எடுத்துக்கொள்கிறது. இந்த வேலையைச் செய்வது நான்கு மாங்கனீஸ் அணுவும் ஒரு கால்சியமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து. அறை வெப்பத்தில், சத்தமில்லாமல் தண்ணீரை உடைக்கிறது. நம் வேதியியல் கூடங்களில் இதைச் செய்ய மின்சாரம் பாய்ச்ச வேண்டும்.

கிளம்பிய எலக்ட்ரான்கள் சவ்வு வழியே கைமாறிப் போகும்போது, ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் ஒருபக்கம் சேர்கின்றன. அவை திரும்பி வரும் வழியில் ஒரு புரதம் உண்மையிலேயே சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. ஏடிபி இப்படி உருவாகும் விதத்தை விளக்கியதற்குத்தான் பாயர், வாக்கர் இருவருக்கும் 1997-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எலக்ட்ரான்கள் கடைசியாக என்ஏடிபிஹெச் என்ற இன்னொரு மூலக்கூறில் போய்ச் சேரும்.

இரண்டாம் கட்டம், கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குவது. ஐந்து கார்பன் உள்ள ஒரு பொருளோடு ஒரு கரியமில வாயு சேர்ந்து, உடனே மூன்று கார்பன் உள்ள இரண்டு துண்டுகளாக உடைகிறது. முதல் கட்டத்தில் வந்த ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் இங்கே செலவாகின்றன. ஆறு கார்பன் கொண்ட ஒரு சர்க்கரைக்கு 18 ஏடிபி, 12 என்ஏடிபிஹெச். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் மெல்வின் கால்வினும் ஆண்ட்ரூ பென்சனும் ஜேம்ஸ் பாஷமும் கதிரியக்கக் கார்பன்-14 கலந்த வாயுவைக் குளோரெல்லா என்ற பாசிக்குக் கொடுத்து, அந்தக் கார்பன் எந்தப் பொருளிலிருந்து எந்தப் பொருளுக்குப் போகிறது என்று தொடர்ந்து பார்த்துத்தான் இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்தார்கள். 1961-இல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் கிடைத்தது. பென்சனுக்கும் அதில் பங்கு போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

செடி விடும் ஆக்ஸிஜன், கரியமில வாயுவைப் பிரித்ததில் வருவதுதானே?

கேட்டால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது தண்ணீரிலிருந்து வருகிறது. 1941-இல் சாமுவேல் ரூபன், மார்ட்டின் காமன் குழுவினர் கனமான ஆக்ஸிஜன்-18 கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவில் அந்தக் கனமான ஆக்ஸிஜன் இருந்தது. கரியமில வாயுவில் அதைக் கலந்து கொடுத்தபோது வெளிவந்த வாயுவில் அது காணோம். நீங்கள் இப்போது மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன் ஒரு காலத்தில் தண்ணீராக இருந்தது.

'இருள் வினை' இரவில் நடக்குமா?

நடக்காது. மேலே சொன்ன இரண்டாம் கட்டத்துக்கு, ஒளி நேரடியாகத் தேவையில்லை என்பதால் வைத்த பெயர் அது. அதற்கு வேண்டிய ஏடிபி பகலில்தான் கிடைக்கிறது, அதன் நொதிகள் பலவும் ஒளி இருந்தால்தான் விழிக்கின்றன. தேர்வில் பிள்ளைகள் 'இரவில் நடக்கும்' என்று எழுதி மதிப்பெண் இழப்பதற்கு இந்தப் பெயரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இலை செய்த சர்க்கரை எங்கே போகிறது?

ஒரு பகுதி அங்கேயே மாவுச்சத்தாகச் சேரும். இரவில் செடி அதைக் கரைத்துச் செலவழிக்கும். அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் இதை நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள். சேமிப்பு விடியும்போது ஏறத்தாழ தீர்ந்திருக்கும்படி செடி கரைக்கும் வேகத்தை வைத்துக்கொள்கிறது. வழக்கத்துக்கு மாறாக விளக்கைச் சீக்கிரமே அணைத்து இரவை நீட்டினால், அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இன்னொரு பகுதி சுக்ரோஸாக, அதாவது நம் சீனியாக, பட்டைக்குள் ஓடும் புளோயம் குழாய்கள் வழியே வேர், காய், கிழங்கு, கதிர் என்று போகும். இந்த ஓட்டத்தை நம் ஊரில் வாயால் ருசித்தவர்கள் நிறையப் பேர். பனையின் பாளையைச் சீவிவிட்டால் சொட்டுவது பதநீர், பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய சர்க்கரை கலயத்தில் விழுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் காட்டு ஈஸ்ட்டுகள் அந்தச் சர்க்கரையைத் தின்று கள்ளாக்கிவிடும்.

விண்பதியம் போடுபவர்களும் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மாதுளை, எலுமிச்சைக் கிளையில் வளையமாகப் பட்டையை உரித்தால் மேலிருந்து வரும் சர்க்கரை கீழே போக வழியில்லை. உள்கட்டை வழியே தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். வெட்டுக்கு மேலே தேங்கிய உணவில்தான் புது வேர் விடுகிறது. அதே வளையத்தை அடிமரத்தில் போட்டால் வேர் பட்டினி கிடந்து மரமே செத்துப்போகும்.

நெல்லில் கதிருக்கு நெருக்கமான கண்ணாடி இலையும் அதற்கடுத்த ஓரிரு இலைகளும்தான் மணிக்குள் பால் ஏற்றுவதில் பெரும் பங்கு. பூக்கும் நேரத்திலும் பால் பிடிக்கும் நேரத்திலும் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தால் பதர் கூடுவது அதனால்தான்.

இலை ஏன் பச்சை? சிவப்பு இலைகள் எப்படிச் சமாளிக்கின்றன?

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சும், பச்சையைக் குறைவாக. 1882-இல் எங்கல்மேன் என்ற ஜெர்மானியர் ஒரு நூல்பாசியின் மீது வானவில் நிறங்களைப் பரப்பி விழச்செய்து, ஆக்ஸிஜனைத் தேடிப் போகும் பாக்டீரியாக்களை அந்த நீரில் விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் மொய்த்தன. கருவியே இல்லாத காலத்தில் பாக்டீரியாவையே கருவியாக்கிய அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் 'பச்சை ஒளி செடிக்குப் பயன்படாது' என்று படித்திருந்தால் மறந்துவிடுங்கள். இலையில் படும் பச்சை ஒளியிலும் பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது, அதுவும் இலையின் அடி அடுக்குகள் வரை ஊடுருவி.

சிவப்புத் தண்டுக்கீரையிலும் பச்சையம் உண்டு, வேறு நிறமி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். கொதிக்கும் நீரில் போட்டால் சிவப்பு நீரில் இறங்க, இலை பச்சையாகத் தெரியும். மாங்கொழுந்தின் செம்மை தற்காலிகமானது. பச்சையம் இன்னும் முழுதாகச் சேராத இளம் இலைக்கு வெயிலிலிருந்து அது ஒரு காப்பு.

வெயில் கூடக் கூட உணவும் கூடுமா?

ஓர் அளவு வரைதான். நெல், தக்காளி, கத்தரி போன்றவற்றின் ஒரு தனி இலை, முழு உச்சிவெயிலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள்ளாகவே நிறைவடைந்துவிடும். மேற்கொண்டு விழும் ஒளியை வெப்பமாக மாற்றி வெளியே தள்ள வேண்டியதுதான். அதனால் மே மாதத்தில் மாடியில் நிழல்வலை கட்டினால் காய்ப்பு குறையுமோ என்று பயப்பட வேண்டாம்.

உச்சியில் இன்னொரு சிக்கல். கரியமில வாயு இலைத்துளைகள் வழியே நுழைகிறது, அதே துளை வழியே நீராவி வெளியேறுகிறது. சன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம் என்று நாம் படும் அதே பாடு. ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நெற்பயிர் போன்றவை சில நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கின்றன. கடும் வெயிலில் செடி துளையை மூடிக்கொள்ளும், உணவு தயாரிப்பும் படுத்துவிடும். ஆகவே காலை வெயில் நன்றாகக் கிடைக்கும் கிழக்குப் பக்கம்தான் என் தேர்வு.

கரும்பும் கம்பும் வெயிலில் கொழிக்கின்றன, நெல் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

இதற்கு ருபிஸ்கோ என்ற நொதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரியமில வாயுவைப் பிடித்துக் கொடுக்கும் நொதி இதுதான், உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் ஒன்று. ஆனால் வேலையில் மகா மந்தம், நொடிக்குச் சில மூலக்கூறுகள்தான். போதாததற்கு ஆளும் மாறிவிடும். சாதாரண வெப்பத்தில் மூன்று நான்கு முறை கரியமில வாயுவைப் பிடித்தால், ஒரு முறை ஆக்ஸிஜனைப் பிடித்துவிடும். அந்தத் தவறைச் சரிசெய்ய, ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சத்தைச் செடி இழக்க வேண்டும். வெப்பம் ஏற ஏற இந்தத் தவறும் ஏறும். ருபிஸ்கோ உருவான காலத்தில் காற்றில் ஆக்ஸிஜனே கிடையாது, அதனால் அப்போது இது ஒரு குறையாகவே இருந்திருக்காது.

கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் இதற்கு ஒரு வழி கண்டுவைத்திருக்கின்றன. வேறொரு நொதி முதலில் கரியமில வாயுவைப் பிடித்து நான்கு கார்பன் பொருளாக்கும். அதை நரம்பைச் சுற்றியுள்ள உள்செல்களுக்குள் கொண்டுபோய் அவிழ்த்துவிடும். அங்கே வாயு செறிந்து கிடப்பதால் ருபிஸ்கோவுக்கு ஆக்ஸிஜனைத் தொட வாய்ப்பு குறைவு. துளையை அதிகம் திறக்க வேண்டியதில்லை, தண்ணீரும் மிச்சம். ஹவாயில் கரும்பை ஆராய்ந்தவர்களும், 1966-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். சி-4 வகை என்பது இதுதான்.

சிறுதானியம் மானாவாரிக்கு ஏன் ஏற்றது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. அருகும் கோரையும்கூட இதே வகை. களை பயிரை முந்துவதைப் பார்த்து வயிறெரிபவர்கள் ருபிஸ்கோவைத் திட்டலாம். நெல்லையே இந்த வகைக்கு மாற்றப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய முயற்சியில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள். இலையின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டியிருப்பதால் எளிதில் முடிகிற வேலையில்லை.

கள்ளி, பிரண்டை, அன்னாசி இவையெல்லாம்?

மூன்றாவது வழி. இவை இரவின் குளிர்ச்சியில் துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லுக்குள் சேர்த்துவைக்கும். பகலில் துளையை மூடிக்கொண்டு, சேர்த்ததை எடுத்து வெயிலில் சர்க்கரை செய்யும். சோற்றுக்கற்றாழையும் இந்தக் கூட்டம்தான்.

இதை ஆரம்பத்திலேயே கவனித்து எழுதியவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்திய கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன். இலை ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைக்குமே, அந்த ரணகள்ளியின் இலை காலையில் நன்றாகப் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று ஒரு கடிதம் எழுதினார். 1815-இல் அது லண்டனின் லினேயன் சங்க வெளியீட்டில் அச்சானது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் தீர்ந்துபோவதை அவர் நாக்கே கண்டுபிடித்துவிட்டது.

அரசமரமும் துளசியும் இரவிலும் ஆக்ஸிஜன் தருமாமே?

வாட்ஸ்அப்பில் சாகாவரம் பெற்ற செய்தி. ஆக்ஸிஜன் வருவது தண்ணீரை உடைப்பதால், உடைக்க ஒளி வேண்டும். ஒளி இல்லையென்றால் எந்தச் செடியும் ஆக்ஸிஜன் விடாது, அரசும் துளசியும் விலக்கல்ல. இந்த வதந்திக்கு வேர் மேலே சொன்ன கள்ளி வகைச் செடிகள். அவை இரவில் கரியமில வாயுவை வாங்குவது உண்மை. அதற்காக அப்போது ஆக்ஸிஜன் விடுவதாக ஆகாது, அது பகலில்தான்.

நர்சரிகளில் 'இரவு ஆக்ஸிஜன் செடி' என்று எழுதி விற்கும் பாம்புக் கற்றாழைக்கும் இதே பதில். கூடவே நாசாவின் பெயரையும் சொல்வார்கள். 1989-இல் வெளியான அந்த நாசா ஆய்வு, மூடிய பெட்டிக்குள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளைச் செடிகள் குறைக்கின்றனவா என்று பார்த்தது. ஆக்ஸிஜனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. செடி அழகாக இருக்கிறது என்று வாங்குங்கள், நல்ல காரணம்தான்.

அப்படியானால் இரவில் புளியமரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டுமா?

முட்டாது. இரவில் செடி நம்மைப் போலவே ஆக்ஸிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது, சரி. பகலிலும் அது சுவாசிக்கத்தான் செய்கிறது. ஆனால் திறந்த வெளியில் காற்று கலந்துகொண்டே இருக்கும், வாயு தேங்க வழியில்லை. படுக்கையறைத் தொட்டிச் செடி விடுவது, பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவதில் மிகச் சிறு பங்கு. பேயைப் பற்றி இந்தப் பக்கத்தில் பதில் இல்லை.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் செடி வளருமா?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சிவெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நல்ல வெளிச்சமான அறை முந்நூறு, ஐந்நூறு லக்ஸ். நம் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. மணிபிளான்ட் போன்ற நிழல்செடிகள் அதில் உயிர் பிடித்திருக்கும், தக்காளி காய்க்காது. செடிக்கான எல்இடி விளக்கை இலைக்கு நெருக்கமாக, நாளுக்குப் பல மணி நேரம் எரியவிட்டால் கீரை வரை எடுக்கலாம்.

அமேசான் காடு உலகின் 20 சதவீத ஆக்ஸிஜனைத் தருகிறது என்பது?

தவறு. அந்தக் காடு உண்டாக்குவதை ஏறக்குறைய அத்தனையும் அங்குள்ள மரங்களின் சுவாசமும், உதிர்ந்த இலையை மக்கச் செய்யும் உயிர்களுமே எடுத்துக்கொள்கின்றன. உலக ஒளிச்சேர்க்கையில் சுமார் பாதி கடலில், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளால் நடக்கிறது. காட்டைக் காப்பதற்கு மழை, கார்பன், உயிர்வகைகள் என்று வலுவான காரணங்கள் இருக்கின்றன, பொய்க் கணக்கு தேவையில்லை.

கரியமில வாயு கூடினால் பயிருக்கு நல்லதுதானே?

நெல், கோதுமைக்கு ஓரளவு விளைச்சல் கூடும். திறந்த வயலில் வாயுவைப் பாய்ச்சிச் செய்த சோதனைகளில் அது தெரிந்தது. அதே சோதனைகளில் தானியத்தின் புரதம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் குறைந்ததும் தெரிந்தது. கூடவே வரும் வெப்பமும் வறட்சியும் அந்த ஆதாயத்தைத் தின்றுவிடக்கூடும்.

எல்லாச் செடியும் தன் உணவைத் தானே செய்துகொள்ளுமா?

வேலியில் மஞ்சள் நூல்போலப் படரும் அம்மையார் கூந்தல் செய்யாது. மற்ற செடியின் தண்டுக்குள் உறிஞ்சியை நுழைத்துச் சர்க்கரையைத் திருடும். மாமரத்துப் புல்லுருவி பாதித் திருடன், தண்ணீரையும் உப்பையும் மரத்திலிருந்து எடுத்துக்கொண்டு, தன் பச்சை இலையில் உணவையும் செய்யும்.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். வெள்ளையும் பச்சையும் கலந்த மணிபிளான்ட் தொட்டியை இரண்டு நாள் இருட்டில் வையுங்கள், சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தீரட்டும். பிறகு ஓர் இலையின் நடுவில் இருபுறமும் கருப்புக் காகிதத்தைப் பட்டையாகச் செருகி, ஒரு முழுநாள் நல்ல வெளிச்சத்தில் விடுங்கள். இலையைப் பறித்துக் கொதிநீரில் முக்கி எடுத்து, அடுப்பை அணைத்துவிட்டு, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு கிண்ண ஸ்பிரிட்டில் பச்சை நிறம் இறங்கும்வரை ஊறவையுங்கள். ஸ்பிரிட்டை நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது, குப்பென்று பற்றிக்கொள்ளும். இலையை அலசி, மருந்துக்கடை அயோடினைத் தண்ணீரில் கலந்து சில சொட்டுகள் விடுங்கள். வெயில் பட்ட பச்சைப் பகுதி கருநீலமாகும். காகிதம் மறைத்த பட்டையும் வெள்ளைத் திட்டுகளும் அயோடினின் பழுப்பிலேயே நிற்கும்.